பிச்சையன்று, பங்கு!

2021ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் உலக சுகாதாரத் தாபனத்தின் பணிப்பாளர் நாயகம் தெட்ரொஸ் அதனோம் கெப்ரியேசஸ் தமது நிறைவேற்றுச் சபையின் முன் இரண்டு எண்களை வைத்தார். செல்வம் மிகுந்த 49 நாடுகளில் அன்றுவரை போடப்பட்டிருந்த கொவிட் தடுப்பூசிகள் 3 கோடி 90 இலட்சத்துக்கு மேற்பட்டவை. மிக வறிய நாடுகளுள் ஒன்றே ஒன்றில் மாத்திரம் ஊசி போடப்பட்டிருந்தது. அங்கே போடப்பட்டவை 25.

எங்கள் கிராமத்துக் கலியாண வீட்டிலே முதற் பந்தியில் அமர்வோரின் தொகைகூட இருபத்தைந்தைத் தாண்டும்.

இந்தக் கணக்கை இன்று நாம் எடுத்துக் கூறுவது ஆறிய புண்ணைக் கீறுவதற்காக அன்று. நோய் தணிந்தது, உலகம் பெருமூச்சு விட்டது, கடைகள் திறந்தன, மறதியும் உடன் வந்தது. அடுத்த கொள்ளைநோய் எப்பொழுது வரும் என்பதை எவரும் அறியார். வரும் என்பதை மருத்துவம் கற்ற யாவரும் அறிவர். வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பது கமக்காரனுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமன்று. ஆகவே மருந்து செய்வோர், மருந்து விற்போர், மருந்தை ஏற்றி இறக்குவோர், தொழிலாளரை வேலைக்கு வைத்திருப்போர் ஆகிய வணிக உலகத்தார் அடுத்த முறை யாது செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதை நோயில்லாத இந்த வேளையிலேயே பேசித் தீர்க்க வேண்டும் என்கின்றோம்.

அன்று இத்தீவிலே நடந்ததை முதலில் நினைத்துப் பார்ப்போம். 2021 ஜனவரி 28இல் இந்திய அரசு அன்பளிப்பாக அனுப்பிய ஐந்து இலட்சம் தடுப்பூசிகள் வந்து சேர்ந்தன. மறுநாளே ஊசி போடும் பணி தொடங்கியது. நன்றியுடன் பெற்றோம், அந்த நன்றி இன்றும் உண்டு. ஆனால், சில வாரங்களில் இந்தியாவையே பெருந்தொற்று வளைத்தது. அங்கே சுடலைகளில் இடம் போதாத நிலை வந்தது. புனே நகரத்து ஆலையில் உற்பத்தியான ஊசிகள் வெளிநாடு செல்வது நின்றது. தன் வீடு எரியும்போது அயல் வீட்டுக்குத் தண்ணீர் அனுப்பவில்லை என்று எவரையும் குறை கூற முடியாது. எனினும் விளைவு யாது? முதலாவது ஊசியைப் பெற்றுக்கொண்ட ஏறக்குறைய ஆறு இலட்சம் மக்கள் இரண்டாவது ஊசிக்கு வழியின்றி இத்தீவிலே மாதக்கணக்கிற் காத்திருந்தனர். பின்னர் யப்பான் அனுப்பியது கைகொடுத்தது.

ஒரு நாட்டின் உயிர் இன்னொரு நாட்டின் ஒரே ஆலையில் தங்கியிருந்தது. அந்த ஆலை தயாளத்தில் தங்கியிருந்தது. தயாளமோ சூழ்நிலையில் தங்கியிருந்தது. இந்தச் சங்கிலியிலே எங்கும் உரிமை என்ற கண்ணி இருக்கவில்லை. கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் கேட்பதற்கு மன்றமும் இல்லை, வழக்கும் இல்லை.

உலக அளவிலும் இதுவே நடந்தது. எல்லா நாடுகளுக்கும் ஒப்பப் பங்கிடுவதற்கென 2020இல் கோவாக்ஸ் என்னும் கூட்டு ஏற்பாடு தொடங்கப்பட்டது. 2021 முடிவுக்குள் 200 கோடி ஊசிகளை வழங்குவதே அதன் குறி. அந்த ஆண்டு முடிந்தபோது நூறு கோடியைக்கூட அது எட்டியிருக்கவில்லை. பணம் திரட்டி வரிசைக்கு வந்தபோது, முதல் வரிசை முழுவதையும் செல்வ நாடுகள் முன்கூட்டியே வாங்கி முடித்திருந்தன. தங்கள் குடிகளின் தொகையிலும் பல மடங்கு ஊசிகளுக்கு அவை ஒப்பந்தம் செய்திருந்தன. மிஞ்சியதைப் பின்னர் தானம் செய்தன. அந்தத் தானத்தின் இலட்சணத்தை நைஜீரியா உலகுக்குக் காட்டியது. காலாவதிக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கக் கிடைத்த ஊசிகளை மூலைமுடுக்கெல்லாம் கொண்டு செல்ல நேரமின்றி, 2021 டிசெம்பரில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை அந்நாடு குப்பை மேட்டிலே கொட்டி அழித்தது.

பந்தியில் மிஞ்சிய சோற்றை, அது புளிக்கும் நேரத்தில் வாசலுக்கு அனுப்புவதைத் தருமம் என்று அழைக்க எங்கள் முன்னோர் ஒருபோதும் சம்மதித்திரார்.

ஆகவே எமது நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்திற் கூறிவிடுகின்றோம். வணிக நிறுவனங்களிடம் வறிய நாடுகளின் மக்கள் கேட்க வேண்டியது தானம் அன்று. களத்திலேயே அளந்து வைக்கப்படும் பங்கு. அந்தப் பங்கு நோய் வருமுன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

பங்கு கேட்க இவர்கள் யார் என்று வினவுவார் உளர். அவர்களுக்குக் கமக்காரனின் மொழியிலேயே விடை கூறலாம். வயல் ஒருவனுடையது; விதைநெல் இன்னொருவன் கொடுத்தது; உழுதவன் வேறொருவன். சூடு மிதித்து முடிந்தபின், விதைநெல் கொடுத்தவனுக்குக் களத்திலே பங்கில்லை என்று சொல்ல எந்தப் போடியாருக்கும் துணிவு வராது.

தடுப்பூசியின் விதைநெல் யாருடையது? நோய்க்கிருமியின் மாதிரியும் அதன் அமைப்பைப் பற்றிய அறிவும் இன்றேல் எந்தக் கொம்பனியும் ஊசி செய்ய முடியாது. பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில் இந்தோனேசியா தன் நோயாளரிடம் எடுத்த மாதிரிகளை உலகுக்கு வழங்கிவந்தது. அந்தக் கிருமியைக் கொண்டு ஆஸ்திரேலியக் கொம்பனியொன்று தடுப்பூசி செய்ய முற்பட்டதும், அதனை விலைக்கு வாங்கும் வல்லமை தன் மக்களுக்கு இராது என்பதை அந்நாடு உணர்ந்தது. 2007இல் மாதிரிகளைக் கொடுக்க மறுத்தது. அந்த மறுப்பினாலேதான் 2011இல் உலக சுகாதாரத் தாபனம் ஓர் ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. காய்ச்சற் கிருமி மாதிரிகளைப் பெறும் உற்பத்தியாளர், கொள்ளைநோய்க் காலத்தில் தம் உற்பத்தியில் ஒரு வீதத்தை அத்தாபனத்துக்கு வழங்கக் கையொப்பமிட வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய கொம்பனிகள் பல கையொப்பமிட்டன. வானம் இடிந்து விழவில்லை. அவற்றின் வியாபாரமும் முடங்கவில்லை.

ஆயினும் அந்த ஒழுங்கு இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு மாத்திரமே உரியது. கொரோனாக் கிருமி வந்தபோது அது கைகொடுக்கவில்லை. 2021 நவம்பரில் தென்னாபிரிக்காவினதும் பொட்ஸ்வானாவினதும் விஞ்ஞானிகள் ஒமிக்ரோன் என்னும் புதிய திரிபைக் கண்டறிந்து ஒளிவுமறைவின்றி உலகுக்கு அறிவித்தனர். அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு, சில நாட்களுள் அவர்கள் நாடுகளுக்கு எதிராக மூடப்பட்ட விமான நிலையங்கள். விதைநெல் கொடுத்தவனைக் களத்துக்குள்ளேயே விடாத கதை இது.

உழுதவர் யார் என்பதையும் கேட்போம். இந்தத் தடுப்பூசிகள் பலவற்றின் அடிப்படை ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களிலும் அரசாங்க ஆய்வுகூடங்களிலும் நடந்தது. சில கொம்பனிகளின் பரிசோதனைச் செலவையும் ஆலைச் செலவையும் அரசாங்கங்களே கொடுத்தன. வெற்றி நிச்சயமாகுமுன்பே கோடிக்கணக்கான ஊசிகளை முற்பணம் கட்டி வாங்கின. பொதுமக்களின் வரிப்பணத்தில் நட்டத்தின் பெரும் பகுதி முன்னரே சுமக்கப்பட்டிருந்தது. இலாபம் மாத்திரம் எப்படித் தனியுடைமையாயிற்று?

சட்டம் பயின்றோர் எந்த வழக்கிலும் முதலிற் கேட்பது பத்திரத்தையே. தடுப்பூசி விடயத்தில் அந்தப் பத்திரங்களே இருட்டறையில் இருந்தன. விலை இரகசியம், வழங்கும் திகதி இரகசியம், நட்டஈட்டு நிபந்தனை இரகசியம். தென்னாபிரிக்காவின் பொதுநல அமைப்பொன்று இதனை எதிர்த்து வழக்காடியது. 2023 ஆகஸ்டில் பிரிற்றோரியா உயர் நீதிமன்றம் ஒப்பந்தங்களை வெளியிடுமாறு கட்டளையிட்டது. வெளிவந்தவை அந்நாட்டு மக்களைத் திடுக்கிடச் செய்தன. ஜோன்சன் அன் ஜோன்சன் கொம்பனிக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஊசிக்கு எட்டரை டொலர் கொடுத்ததாகக் கூறப்பட, தென்னாபிரிக்கா கொடுத்தது 10 டொலர். வறியவனிடம் கூடிய விலை! அதே கொம்பனியின் ஊசி மருந்து தென்னாபிரிக்க மண்ணிலேயே, அந்நாட்டுத் தொழிலாளரின் கைகளாலேயே குப்பிகளில் அடைக்கப்பட்டது. 2021இல் அவற்றிற் பல இலட்சம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஏற்றுமதியைத் தடுக்கும் உரிமையை அந்நாட்டு அரசு ஒப்பந்தத்திலேயே விட்டுக் கொடுத்திருந்தது. பலத்த ஆட்சேபம் எழுந்த பின்னரே அந்த ஓட்டம் நின்றது.

எமது நாடும் இதற்கு விலக்கன்று. 2021இல் சினோபார்ம் ஊசி ஒன்றுக்கு இலங்கை 15 டொலர் கொடுக்க இணங்கியதாகவும், வங்காளதேசத்துக்குக் கூறப்பட்ட விலை 10 டொலர் எனவும் செய்திகள் வெளிவந்து சர்ச்சை மூண்டது. அந்த வேறுபாட்டுக்கு நியாயம் இருந்திருக்கலாம். இருந்ததாயின் அதைப் பகிரங்கமாகச் சொல்வதில் என்ன தடை? மூடிய பத்திரம் வாங்குபவனைப் பலவீனனாக்குகிறது. அயலான் கொடுத்த விலையை அறியாதவன் எப்படிப் பேரம் பேசுவான்? சந்தையில் வெங்காயம் விற்கும் எங்கள் கமக்காரன் இதனை எந்தப் பொருளியல் நிபுணனிலும் நன்றாக அறிவான்.

இனி மறுதரப்பாரின் வாதத்தையும் கேட்போம். “இலாபம் இன்றேல் புதிய மருந்து எவன் கண்டுபிடிப்பான்? கொம்பனி என்பது அன்னசத்திரமா?” என்பது அவ்வாதம். இதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. நாம் இலாபத்துக்குப் பகைவரல்லர். நியாயமான விலைக்கு விற்று நியாயமான இலாபம் பெறுவது வணிகரின் உரிமை. ஆனால், நியாயம் செய்தால் தொழில் அழியும் என்ற கூற்றை நடந்த உண்மைகள் பொய்யாக்குகின்றன.

ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் மூளைக்காய்ச்சல் வகையொன்று பன்னெடுங்காலம் உயிர் குடித்து வந்தது. 1996இலும் 1997இலும் மாத்திரம் ஏறக்குறைய 25,000 பேர் மாண்டனர். அவர்களுக்கென மருந்து செய்யப் பெரிய கொம்பனிகள் முன்வரவில்லை. 2001இல் உலக சுகாதாரத் தாபனமும் ‘பாத்’ என்னும் அமைப்பும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஆப்பிரிக்க நாடுகள் முதலிலேயே சொல்லிவிட்டன: ஓர் ஊசி அரை டொலருக்கு மேற்படின் எங்களால் வாங்க இயலாது. விலை முதலில் நிர்ணயிக்கப்பட்டது. மருந்து பின்னர் செய்யப்பட்டது. தேவையான நுட்பம் அமெரிக்க அரசாங்க ஆய்வுகூடத்திலிருந்து கைமாற்றப்பட்டது. புனேயில் உள்ள அதே சீரம் நிறுவனம் அரை டொலருக்குக் குறைந்த விலையில் உற்பத்தி செய்தது. 2010 டிசெம்பரில் புர்க்கினா பாசோவில் ஊசி போடும் பணி தொடங்கியது. அதன்பின் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் அதனைப் பெற்றனர். அந்த வகை நோய் அங்கே ஏறக்குறைய இல்லாதொழிந்தது. செய்த நிறுவனம் வங்குரோத்தாகவில்லை. உலகின் மிகப் பெரிய தடுப்பூசி உற்பத்தியாளராக நிமிர்ந்து நிற்கின்றது.

கொவிட் காலத்திலும் நல்ல முன்மாதிரிகள் இல்லாமற் போகவில்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஊசியைப் பெருந்தொற்று நீடிக்கும்வரை இலாபமின்றி விற்பதாக அஸ்ராசெனகா கொம்பனி வாக்களித்து, இந்திய ஆலைக்கும் அநுமதிப்பத்திரம் கொடுத்தது. டெக்சாஸ் மாநில விஞ்ஞானிகள் தாம் உருவாக்கிய ஊசிக்கு உரிமப் பத்திரமே எடுக்காமல், ஐதராபாத்தில் உள்ள பயோலொஜிக்கல் ஈ கொம்பனிக்கு அந்த நுட்பத்தைக் கற்றுக் கொடுத்தனர். 2021 டிசெம்பரில் இந்தியா அதனை அங்கீகரித்தது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை எமது வாசகர்கள் கவனித்தல் வேண்டும். பெருந்தொற்று நீடிக்கும்வரை தன் உரிமப் பத்திரத்தை மீறுவோர்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று மொடேர்னா கொம்பனி 2020 ஒக்டோபரில் அறிவித்தது. கேட்பதற்கு இனிய வார்த்தை. ஆனால், கேப்டவுனில் தடுப்பூசி நுட்பத்தைக் கற்பிப்பதற்கென நிலையம் அமைக்கப்பட்டபோது, அக்கொம்பனி தன் செய்முறையைக் கற்றுக் கொடுக்க முன்வரவில்லை. அங்கிருந்த விஞ்ஞானிகள் பகிரங்கமாகக் கிடைத்த குறிப்புகளைக் கொண்டு தாமாகவே முயன்று 2022 தொடக்கத்தில் மாதிரியைச் செய்து முடித்தனர். ‘என் காணிக்குள் வந்தால் வழக்குப் போடமாட்டேன்’ என்பது ஒன்று. படலையைத் திறந்து விடுவது வேறொன்று. வழக்கை மாத்திரம் கைவிட்டுப் படலையைப் பூட்டி வைப்பவரை வள்ளல் என்று கொண்டாட நாம் ஆயத்தமாயில்லை.

அரசுகளின் மன்றமும் இதில் ஆமை வேகத்திலேயே நகர்ந்தது. உரிமப் பத்திரக் கட்டுப்பாடுகளைத் தற்காலிகமாக விலக்குமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தகத் தாபனத்தைக் கேட்டன. முடிவு வந்தது 2022 ஜூனில். அதுவும் பல வகையிற் குறைக்கப்பட்ட முடிவு. நோய் மாதங்களிற் கொன்றது. சட்டம் ஆண்டுகளிற் பேசியது.

2025 மே 20இல் உலக சுகாதாரச் சபை கொள்ளைநோய் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஏற்பாட்டிற் சேரும் உற்பத்தியாளர் கொள்ளைநோய்க் காலத்தில் தம் உற்பத்தியின் 20 வீதத்தை உலக சுகாதாரத் தாபனம் விரைந்து பெறுவதற்கு இடமளிக்க வேண்டும் என்பது அதிற் கூறப்பட்ட குறி. அதிலே குறைந்தது பாதி நன்கொடையாகவும் மீதி எளிய விலையிலும் கிடைத்தல் வேண்டும். களத்தில் அளக்கும் பங்கு என்று நாம் கூறியதன் முளை இது. ஆனால், நாடுகள் கையொப்பமிடுவதால் மாத்திரம் கொம்பனிகள் கட்டுண்டு விடா. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தனித்தனியே ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டாலன்றி அந்த 20 வீதம் ஏட்டுச் சுரைக்காயே. ஆகவே, ‘நாங்கள் எவ்வாறு உதவலாம்?’ என்று கேட்கும் மருந்துக் கொம்பனிகளுக்கு எமது விடை மிக எளிது: கையொப்பமிடுங்கள். விலையை வெளியிடுங்கள். செய்முறையைக் கற்றுக் கொடுங்கள். ஒரு கண்டத்தில் ஓர் ஆலை என்றில்லாமற் பல ஆலைகளுக்கு அநுமதி வழங்குங்கள்.

பிறருக்கு உபதேசித்து அமைவது எமக்கு அழகன்று. எமது மண்ணில் உள்ள வணிகருக்கும் முதலாளிமாருக்கும் கடமைகள் உண்டு.

முதலாவது, கூலி. நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு, ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு, வயலிற் களை பிடுங்குபவளுக்கு ஊசி இலவசம் என்பது அரைவாசி உண்மையே. வரிசையில் நிற்கும் நாளும், காய்ச்சலிற் படுக்கும் மறுநாளும் அடுப்பு எரியாத நாட்களாயின் அந்த ஊசிக்கு அவள் விலை கொடுக்கின்றாள். ஊசி போடும் நாளும் அடுத்த நாளும் சம்பளத்துடன் கூடிய நாட்கள் என்று வேலை ஒப்பந்தங்களில் இப்பொழுதே எழுதப்படல் வேண்டும். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொற்று பீடித்தது. தொழிலாளியின் உடல்நலம் முதலாளியின் கணக்கேட்டுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதனிலும் வேறு சாட்சி வேண்டுமோ?

இரண்டாவது, வரிசை. பணமும் செல்வாக்கும் உள்ளவர் தம் உறவினருக்கும் மேலாளருக்கும் பின்கதவால் ஊசி பெறுவது திருட்டு. அதற்கு வேறு பெயரில்லை. முதியோர், நோயாளர், தாதியர், சுடலைத் தொழிலாளர் ஆகியோருக்குப் பின்னரே தம் முறை என்று எமது வணிகர் கழகங்கள் பகிரங்கமாக உறுதி கூறட்டும்.

மூன்றாவது, குளிரும் வண்டியும். பெரும்பாலான ஊசிகள் 2 தொடக்கம் 8 பாகை வெப்பத்திற் காக்கப்பட வேண்டியவை. தன்சானியாவில் 2010 தொடக்கம், கொக்கா கோலாக் கொம்பனி தன் பானம் கடைசிக் கிராமத்தையும் சென்றடையும் வித்தையை அரசாங்க மருந்துக் களஞ்சியத்துக்குக் கற்றுக் கொடுத்தது. சோடாப் போத்தல் போகும் இடத்துக்கு மருந்து போகாதா என்ற கேள்வியே அதன் வித்து. எமது வடக்கிலும் கிழக்கிலும் மீனும் பாலும் நாள்தோறும் குளிரிலே பயணஞ் செய்கின்றன. மீன் வைத்த பெட்டியில் மருந்தை வைக்கச் சொல்கின்றோமில்லை. மின்பிறப்பாக்கி, குளிரூட்டி திருத்தும் தொழிலாளி, லொறி, நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் செல்லும் படகு ஆகியவற்றை எவர் எத்தனை மணித்தியாலத்தில் தருவார் என்பதைப் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பதிவுசெய்து, எழுத்திற் கையொப்பமிட்டு வைக்கலாம். கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதில் முன்னிற்றல் வேண்டும்.

நான்காவது, மொழி. அறிவித்தலும் சம்மதப் படிவமும் தமிழில் இல்லாவிடில் எமது மூதாட்டி கையொப்பமிடுவது எதற்கு என்பதை அவள் அறியாள். அச்சகம் வைத்திருப்போர் இதற்கு உதவலாம். அரசோ இதற்குக் கடமைப்பட்டது.

இறுதியாக அரசுக்கும் ஒரு சொல். 1971இல் கலாநிதி சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது, சிறிய நாடொன்றும் பெரிய கொம்பனிகளோடு சமமாக இருந்து பேரம் பேசலாம் என்பதை இலங்கை உலகுக்குக் காட்டியது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்திலே, பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு உரிமையாளரின் சம்மதமின்றியே உரிமத்தைப் பயன்படுத்த வழி உண்டு. கையில் உள்ள வாளைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, அடுத்த முறையும் கப்பலைப் பார்த்துக் கடற்கரையில் நிற்பதுதான் இராசதந்திரமா?

தமிழ்பேசும் மக்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. பெரியோர் மனமிரங்கித் தருவர் என்று வாய்வாக்கை நம்பியிருந்து ஏமாந்த சரித்திரம் எமக்கு நீளமானது. எழுத்தில் இல்லாத வாக்குறுதி எத்தனை நாள் நிற்கும் என்பதை எம்மிலும் அறிந்தவர் யார்? ஆதலால் கூறுகின்றோம்: அடுத்த கொள்ளைநோய் வருமுன், உலகக் கொம்பனியோ உள்ளூர்க் கடையோ, தன் பங்கை இன்றே எழுதிக் கையொப்பமிடட்டும். களத்து மேட்டில் அளவு மரக்கால் எல்லாருடைய கண்முன்னும் இருக்கட்டும். கையேந்தி நிற்கும் நிலை எந்த மக்களுக்கும், எந்த நாளிலும் வேண்டாம்.